உங்களுக்குத் தெரியுமா? பத்தாம் இடமே முதலிடம்!

ஃபார்முலா 2 கார் பந்தயத் தொடரின் ஸ்பிரிண்ட் எனும் குறும்பந்தயத்தில் ஜெயிக்கப்போவது யார் என்று கணிக்க, தகுதிச் சுற்றில் முதலில் வந்தவரை மட்டும் பார்த்தால் போதாது. முதல் 10 பேரின் வரிசையை அப்படியே தலைகீழாக்கி நிறுத்துவார்கள். பத்தாவது வந்தவர் முன்வரிசையின் முதல் இடத்தில் நிற்பார்; மிக வேகமாக ஓட்டியவர் பத்தாவதாகக் கிளம்புவார். டயர் மாற்றக் கட்டாய நிறுத்தமும் இல்லை. எனவே முந்திச் செல்ல வழியில்லாத குறுகிய பாதைகளில் புறப்படும் இடமே பாதி வெற்றி.

2025 மே மாதம் மொனாக்கோவில் பெங்களூரு இளைஞர் குஷ் மைனி இப்படித்தான் முதல் இடத்திலிருந்து கிளம்பி, கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் வென்றார். அங்கே ஃபார்முலா 2 பந்தயம் வென்ற முதல் இந்தியர் அவர். ஃபார்முலா 2-இன் முன்னோடியான ஜிபி2 தொடரில், நம்ம சென்னையின் கருண் சந்தோக் 2007-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஸ்பிரிண்ட் பந்தயம் வென்றிருக்கிறார்.

தாம்பரம்வாசிகளே, நேரில் கணித்துப் பார்க்க ஆசையா? வண்டலூர் வெளிவட்டச் சாலையில் நசரத்பேட்டை வரை போய் மேற்கே திரும்புங்கள். இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளப் பந்தயத் தடம் இருக்கிறது!