மீதி இருபத்து மூன்று மணி நேரம்

"ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்." "எங்க நாத்தனார் மகனும் அஞ்சு வயசுலதான் வாயைத் தொறந்தான், இப்ப ஐடி கம்பெனியில இருக்கான்." பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லை, முகம் பார்த்துச் சிரிப்பதில்லை என்று ஒரு தாய் வாயெடுத்தால் உறவுக்குள் வரும் பதில் இது. ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். அந்த ஆறுதலிலேயே ஒன்றரை, இரண்டு வருடம் கரைந்துவிடும். பிறகு ஆட்டிசம் என்றோ, அறிவுசார் குறைபாடு என்றோ, மூளை முடக்குவாதம் என்றோ மருத்துவர் சொன்னதும் அதே வாய்கள் வேறு பாட்டுப் பாடும்: "கர்ப்பமா இருக்கறப்ப என்ன சாப்பிட்டே?" "எந்நேரமும் செல்போனைக் கையில குடுத்தா இப்படித்தான்."

தாயின் தலையில் பழியைப் போடுவதை நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1950களில் அமெரிக்க மனநல நிபுணர்கள் பலரும், அம்மாவின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று நம்பினார்கள். அதை எதிர்த்து 1964இல் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட் உளவியலாளர். ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும்கூட. காரணம் வளர்ப்பில் இல்லை, நரம்பு மண்டலத்தில் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். மறு ஆண்டே மற்ற பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார். பிரிட்டனில் 1962இலேயே பெற்றோர் கூடிச் சங்கம் வைத்துவிட்டார்கள். சென்னையில் 1985இல் வித்யாசாகர் அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜனும் மூளை முடக்குவாதம் உள்ள மகனை வளர்த்த தாய்தான். இந்தத் துறையில் நல்லதாக நடந்தவற்றில் பெரும்பகுதி, பெற்றோர் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டதால் நடந்தது.

தெரபி முக்கால் மணி நேரம்

ஸ்பீச் தெரபியோ பிசியோதெரபியோ, ஒரு வகுப்பு பெரும்பாலும் முக்கால் மணி நேரம். அதற்காக டவுன் பஸ் மாறிப் போய்வர அரை நாள் போகும். மற்ற நேரமெல்லாம் குழந்தை வீட்டில். சாப்பிட, பல் தேய்க்க, சட்டைப் பொத்தான் போட, தண்ணீர் கேட்க அங்கேதான் கற்றுக்கொள்கிறது. சென்னை மதுரம் நாராயணன் மையத்தின் 'உபநயன்' திட்டத்தில் அம்மாவும் குழந்தையோடு உட்கார்ந்து பயிற்சி பெறுவது இதனால்தான். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பெற்றோருக்குக் கற்றுத்தருகிறார்கள்.

முறை நல்லதுதான். ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. வீட்டுப்பாடம் முழுவதும் ஒரே ஆள் தலையில் விழுகிறது; அந்த ஆள் அநேகமாக அம்மா. வேலையை விட்டிருப்பார். கல்யாணம், காதுகுத்துக்குப் போவது நின்றிருக்கும். பிள்ளை இரவில் தூங்காததால் அவரும் தூங்கியிருக்க மாட்டார். இத்தனைக்கும் மேல், "வீட்ல சரியா செய்றீங்களா?" என்று தெரபிஸ்ட் கேட்பார். இந்தத் தாய்மார்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஒட்டாமல் இருப்பது, காரணமில்லாமல் அழுகை வருவது, பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமல் கிடப்பது எல்லாம் சிகிச்சை தேவைப்படும் அறிகுறிகள். "நானும் புள்ளையும் போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் தள்ளிப்போடக் கூடாது. அன்றே யாரிடமாவது சொல்லி, மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கேட்கிற விதமாகக் கேட்பது

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லாத உறவினர் இல்லை. வாய்விட்டுக் கேட்ட தாயும் அதிகம் இல்லை. என்ன கேட்பதென்று இவருக்குத் தெரியவில்லை, என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. அதனால் வேலையையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவது மேல். "சனிக்கிழமை நாலு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் இவனைப் பாத்துக்கங்க, அத்தை" என்றால் பல அத்தைகள் சரி என்பார்கள். பயந்துகொண்டு சரி என்பார்கள் என்பதால் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்: மிக்ஸி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான், தாகம் எடுத்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான், வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தச் சாப்பாடு தொண்டையில் சிக்கும். முதல் இரண்டு முறை நீங்களும் பக்கத்து அறையில் இருங்கள்.

அப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. "நான் சம்பாதிக்கப் போறேன், அவ பாத்துக்கறா" என்பது வேலைப் பங்கீடுபோலத் தோன்றும். ஆனால் பிள்ளையைத் தனியாகக் குளிப்பாட்டித் தூங்கவைக்கத் தெரியாத அப்பா இருக்கும் வீட்டில், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாமே நின்றுபோகும்.

சர்டிபிகேட்டும் அலைச்சலும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாக அரசு மருத்துவர் குழுவின் சான்றும், யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும். சான்று வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று தயங்கும் வீடுகள் உண்டு. அந்தத் தயக்கத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை, ரயில் கட்டணச் சலுகை, பள்ளித் தேர்வில் சலுகைகள் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

போக வேண்டிய இடங்கள் மூன்று. அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பரிசோதனையும் தெரபியும் இலவசம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து கற்றுத்தர ஏற்பாடு இருக்கிறது. எந்தக் கிழமை டாக்டர் கேம்ப், எந்த ஜெராக்ஸ் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் எந்த அறிவிப்புப் பலகையிலும் இருக்காது. தெரபி மையத்து பெஞ்சில் காத்திருக்கும் இன்னொரு அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த பெஞ்சிலிருந்துதான் பல வாட்ஸ்அப் குழுக்கள் பிறக்கின்றன. இரவு ஒரு மணிக்கும் பதில் சொல்ல அங்கே ஆள் உண்டு. ஆனால் 'ஆறே மாதத்தில் குணம்' விளம்பரமும் அதே வழியாகத்தான் வந்துசேர்கிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரிடமும், டாக்டர் கொடுத்த வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் எழுந்து வந்துவிடுங்கள்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு

பிள்ளைக்கு 18 முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆவதில்லை. பல குடும்பங்களுக்கு இது வங்கிக் கணக்கிலோ சொத்துப் பத்திரத்திலோ கையெழுத்துப் போடப் போகும்போதுதான் தெரியவருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோர், உறவினர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் யாரும் கேட்கலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவைப்படாது. தானே முடிவெடுக்க முடிந்தவரிடம் அதைப் பறிக்க வேண்டியதில்லை.

"எங்களுக்கப்புறம் யாரு?" என்ற கேள்விக்கு, கூடப்பிறந்த பிள்ளையைக் காட்டிவிடுவது நம் வழக்கம். பத்து வயதிலேயே "அண்ணனை நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லி வளர்க்கப்பட்ட தங்கைகள் நிறையப் பேர். விண்ணப்பத்தில் அவள் பெயரை எழுதுமுன், வளர்ந்துவிட்ட அவளை உட்காரவைத்து எந்த அளவுக்குச் செய்ய முடியும் என்று கேளுங்கள். பணக் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்கிறேன், கூட வைத்துக்கொள்ள முடியாது என்று அவள் சொல்லக்கூடும். அப்படியானால் தங்கும் வசதியுள்ள இல்லங்களை இப்போதே, நீங்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே போய்ப் பாருங்கள். சில நாட்கள் தங்கவைத்துப் பழக்க ஒத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன.