திரைவழியே சமயவியல்

இளங்கலைப் பாடங்களுட் பல இன்று இணையவழியாகக் கற்பிக்கப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்று இவ்வழக்கத்தை விரைவுபடுத்திற்று. கணிதத்தைத் திரைவழியே கற்பிக்கலாம். சமயவியலையும் அவ்வாறு கற்பித்தல் இயலுமா எனப் பெற்றோர் வினவுகின்றனர்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். சமயவியல் ஞானோபதேசம் அன்று. ஞானோபதேசம் விசுவாசத்தை ஊட்டுவது. சமயவியல் பல சமயத்தாரின் வாழ்வை நேர்மையோடு அறியச் செய்வது. சமயபோதனை வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு என்று 2002-இல் நம் உச்ச நீதிமன்றமும் எடுத்துரைத்தது. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாயுள்ள எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததை நாம் அறிவோம்.

தொலைவிலிருந்து கற்பித்தல் புதிதன்று. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் பாடம் தொடங்கியபோது, அச்சிட்ட பாடங்களோடும் ஒலிபரப்புகளோடும் நின்றுவிடவில்லை. மாணவர் அனுப்பும் கட்டுரைகளைத் திருத்திக் கருத்துரை எழுத ஆசிரியர்களையும் அமர்த்தியது. கருவி எதுவாயினும், மறுமொழி கூறும் மனிதர் ஒருவர் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

1967-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தோற்றுவித்த நினியன் ஸ்மார்ட் என்னும் அறிஞர், சமயத்தைக் கோட்பாடாக மட்டும் காணாது, சடங்கு, கதை, அனுபவம், அறநெறி, சமூக அமைப்பு முதலிய கோணங்களிலும் காணுமாறு கற்பித்தார். இணையவழி ஆசிரியருக்கு இம்முறை பெரிதும் உதவும். வாரம் ஒரு கோணத்தை எடுத்துக்கொண்டு, சிறியதொரு பணியை அவர் கொடுக்கலாம். நோன்பு நோற்கும் இஸ்லாமிய அண்டைவீட்டாரிடம் அவர்தம் இசைவு பெற்று, நோன்பின் பொருளைக் கேட்டு மாணவன் எழுதட்டும். அவர் அதனைப் படித்து, "ஆம், யாம் இவ்வாறே வாழ்கிறோம்" என்று கூறுவாராயின் அதுவே நல்ல விடை. பின்னர் ஐவர் அறுவர் கொண்ட சிறு குழுவில் அதனை விவாதிக்கட்டும். வெவ்வேறு ஊரார் ஒரே குழுவில் அமர்வது திரைவழிக் கல்விக்கே உரிய நன்மையாகும்.

கணினியே கட்டுரை எழுதித் தரும் இக்காலத்தில், அண்டைவீட்டாரின் முகம் பார்த்துக் கேட்டு எழுதுவது மாணவனுக்குத் தனிப் பயனளிக்கும்.

பெற்றோரே, பாடம் வந்தடையும் அதே கைப்பேசியில்தான் பிற சமயத்தாரைப் பழிக்கும் பொய்களும் வந்தடைகின்றன. எதனை நம்புவது என உங்கள் பிள்ளை ஆராய்ந்தறியக் கற்கட்டும். பாடத்தின்பொருட்டு அவன் அண்டைவீட்டுக்குச் செல்ல விரும்பினால் தடுக்காதீர்கள். இயன்றால் நீங்களும் உடன் செல்லுங்கள்.