படம் மறைந்தது, டேப் கைவிட்டது!

1998-ம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பிக்சார் படக் கம்பெனி. அங்கே "டாய் ஸ்டோரி-2" என்ற பொம்மைப் படம் தயாராகிக்கொண்டு இருந்தது. எல்லாமே கம்ப்யூட்டரில் செய்த படம்.

கதாநாயகன் உட்டி என்ற பொம்மை. அவனுடைய பைல்களை ஓரன் ஜேக்கப் என்ற நிபுணர் பார்த்துக்கொண்டு இருந்தார்.

திடீரென்று உட்டியின் தொப்பியைக் காணோம்! பிறகு பூட்சைக் காணோம். கடைசியில் உட்டியையே காணோம்!

யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளை, பைல்களை வரிசையாக அழித்துக்கொண்டு இருந்தது. மெஷினை நிறுத்தும்படி ஜேக்கப் போன் செய்தார். அதற்குள் படத்தில் 10-ல் 9 பங்கு போய்விட்டது.

ஓட்டைக் குடம்

யாரும் பயப்படவில்லை. டேப்பில் நகல் இருந்தது. பாட்டுப் பதிவு செய்யும் நாடாவைப் போன்றதுதான் இந்த டேப். பாட்டுக்குப் பதில் பைல்கள் பதியும்.

ஆனால் அந்த டேப்பும் கைவிட்டது. சுமார் ஒரு மாதமாக நகல் சரியாகப் பதியவில்லை! பதிகிறதா என்று யாரும் சோதிக்கவும் இல்லை. ஓட்டைக் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுத் தூங்கப் போன கதைதான்.

காப்பாற்றிய தாய்

கேலின் சஸ்மன் என்ற பெண் அதிகாரிக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. வீட்டில் இருந்தே வேலை செய்வதற்காக, படத்தின் நகல் ஒன்றை வைத்திருந்தார். அந்த கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது! பிறகு கதையில் பெரிய மாறுதல்கள் செய்து, 1999-ல் வெளியிட்டார்கள்.

முதலில் பாருங்கள்

இன்றும் பல கம்பெனிகளில் டேப் உண்டு. எல்.டி.ஓ.-9 என்ற ரகத்தில், உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றில் 18 ஆயிரம் ஜிகாபைட் அடங்கும். சர்வர் வெளியூரில் இருக்கும். டேப் இங்கே இருக்கும். ஆள் இல்லாத நடு இரவில் நகல் ஓடும்.

ஆகவே, மாலையில் வீடு திரும்பும் முன் டேப்பைப் பார்க்க வேண்டும். இன்றைய டேப்தானா? பதிவைத் தடுக்கும் பூட்டு திறந்து இருக்கிறதா? இடம் போதுமா? அதில் அழிக்கக்கூடாத பழைய பதிவு ஏதேனும் உண்டா? மறுநாள் காலையில் ஒரு பைலையாவது திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரியாக வைத்த டேப் கைவிடாது. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் 10 ஆயிரம் பேரில் 2 பேருக்குக் கடிதங்கள் மறைந்தன. மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்த நகல்களும் அழிந்தன. தனியே வைத்திருந்த டேப்பில் இருந்துதான் கூகுள் அவற்றை மீட்டது.

உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களை பென் டிரைவில் போட்டு வைத்து இருக்கிறீர்களா? இன்றே ஒரு தடவை திறந்து பாருங்கள். திறந்து பார்த்த நகல்தான் நகல்!