கைவலுவா, கால் வேகமா?

காலை நிகழ்ச்சியில் விளையாட்டுச் செய்தியைச் சொல்லி முடித்ததும் இரண்டு வரி அரட்டை அடிப்பது என் வழக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்திலும் அப்படித்தான் வாயை விட்டேன்.

கோலூன்றித் தாண்டுதலில் சுவீடனின் அர்மாண்ட் டுப்ளாண்டிஸ் 6.25 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்திருந்தார். பெண்கள் பிரிவில் ஆஸ்திரேலியாவின் நினா கென்னடி 4.90 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். “என்ன இருந்தாலும் கைவலு என்று ஒன்று வேண்டுமே!” என்று சிரித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

அன்று மாலை புலனத்தில் அக்கா மகளின் செய்தி வந்தது. படிவம் இரண்டில் படிக்கிறாள். அவளைக் கோலூன்றித் தாண்டும் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தாராம் ஆசிரியர். “சித்தியே வானொலியில சொல்லிட்டா, உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு அம்மா கேக்குறாங்க. நீங்க சொன்னது உண்மையா சித்தி?”

பதில் தெரியவில்லை. இரவு உட்கார்ந்து இரண்டு இறுதிச் சுற்றுகளையும் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன், தேடிப் படித்தேன்.

ஓட்டம், கோலைப் பெட்டியில் ஊன்றுதல், எம்புதல், ஊஞ்சல் போல் காலை வீசித் தலைகீழாதல், உடலைத் திருப்பிக் கம்பியைக் கடத்தல். இருபாலருக்கும் இதே வரிசைதான். கோலையும் ஆண், பெண் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. தாண்டுபவரின் எடையும் வேகமும்தான் கணக்கு.

வித்தியாசம் ஓட்டத்தில் தொடங்குகிறது. ஓடும் வேகம் கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது ஆளை மேலே தூக்குகிறது. வேகம் நொடிக்கு 10 மீட்டரிலிருந்து 9 மீட்டராகக் குறைந்தாலே, இயற்பியல் கணக்குப்படி உயரத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் போய்விடும். வேகம் குறைந்தால் கோலை உயரத்தில் பிடிக்கவும் முடியாது. கோல் நிமிராமல் ஆளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதனால்தான் முன்னணி ஆண்கள் ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் பிடிக்க, பெண்கள் அதைவிடக் கீழே பிடிக்கிறார்கள்.

தோள் வலு தேவையில்லை என்று சொல்லவில்லை. தலைகீழாகும் கட்டத்தில் அது கைகொடுக்கும். ஆனால் அதைப் பழகிக்கொள்ளலாம். ரஷ்யாவின் எலேனா இசின்பயேவா 15 வயதுவரை ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். அதற்கு அதிக உயரமாக வளர்ந்துவிட்டதால் கோலைப் பிடித்தார். காற்றில் தலைகீழாக நிற்பது அவருக்குக் கைவந்த கலை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஆண்கள் 1896 முதல் ஒலிம்பிக்கிலேயே கோலூன்றித் தாண்டினார்கள். பெண்களுக்கு வாய்ப்பு வந்தது 2000 சிட்னியில்தான். 104 ஆண்டு தாமதம்! அங்கே அமெரிக்காவின் ஸ்டேசி டிராகிலா 4.60 மீட்டரில் தங்கம் வென்றார். ஐந்தே ஆண்டில், லண்டனில் இசின்பயேவா 5 மீட்டரைத் தொட்டார். வாசல் திறந்ததும் எவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறார்கள் பாருங்கள்.

மறுவாரம் அதே நிகழ்ச்சியில், “போன வாரம் தப்பாகச் சொல்லிவிட்டேன்” என்று ஆரம்பித்து இதையெல்லாம் சொன்னேன். அக்காவும் கேட்டிருக்கிறாள். முதல் நாள் பயிற்சிக்குத் தானும் கூட வருவேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

இரண்டு வாரம் கழித்து அக்கா மகள் புலம்பினாள்: “இன்னும் தாண்டவே விடல சித்தி. கோலத் தூக்கிட்டு ஓடச் சொல்றாங்க, அவ்வளவுதான்.”

“நல்லா ஓடு” என்றேன்.