தொலைநோக்கிக்குத் திசை கற்றுக்கொடுப்போம்

மாணவர்களே, ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள குதிரைத்தலை நெபுலாவின் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கருந்தூசியாலான குதிரைத் தலை. அதன் பின்னால் மங்கலாக ஒளிரும் சிவந்த வாயு. இதைப் படம்பிடிக்க ஒவ்வொரு படத்துக்கும் கேமராவைச் சில நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டும்.

ஆனால், பூமி நமக்காக நிற்பதில்லை. 23 மணி 56 நிமிடத்தில் ஒரு முறை சுழன்றுவிடுகிறது. அதனால் வானம் விநாடிக்கு ஏறக்குறைய 15 வில்விநாடி நகர்வதாகத் தெரிகிறது. (ஒரு பாகை என்பது 3600 வில்விநாடி.) 5 நிமிடத்தில் 1.25 பாகை, இது முழுநிலவின் அகலத்தைப் போல் இரண்டரை மடங்கு!

இதை ஈடுகட்ட, மோட்டார் பொருத்திய தாங்கி தொலைநோக்கியை மேற்கு நோக்கி மெதுவாகத் திருப்புகிறது. ஆனால், எந்தப் பல்சக்கரமும் முழுத் துல்லியமாக இருப்பதில்லை. மேலும், தாங்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதற்கு உதவும் துருவ விண்மீன், கோலாலம்பூரில் அடிவானத்துக்குச் சுமார் 3 பாகை மேலேதான் இருக்கிறது. கட்டடங்களும் புகைமூட்டமும் அதை எளிதில் மறைத்துவிடும். இந்தச் சிறு பிழைகள் சேர்ந்தால், புள்ளியாக விழ வேண்டிய விண்மீன் கோடாக நீண்டுவிடும்.

எனவே, இன்னொரு சிறு தொலைநோக்கியையும் கேமராவையும் பொருத்துகிறார்கள். அது ஒரு விண்மீனைச் சில விநாடிக்கு ஒருமுறை படம்பிடித்துக் கணினிக்கு அனுப்பும். விண்மீன் விலகினால் கணினி மோட்டாரைத் திருத்தும். இதுவே தானியங்கி வழிகாட்டல்.

விண்மீன் படத்தில் வலப்பக்கம் விலகினால், மோட்டாரை எந்தத் திசையில், எவ்வளவு நேரம் இயக்குவது? கேமரா எந்தக் கோணத்தில் பொருத்தப்பட்டுள்ளது என்பது கணினிக்குத் தெரியாதே! அதைக் கற்றுக்கொடுப்பதுதான் அளவுத்திருத்தம். பி.எச்.டி.2 என்ற இலவச மென்பொருள், தாங்கியை முதலில் மேற்கே சிறிது சிறிதாக நகர்த்தி, விண்மீன் எந்தக் கோணத்தில் எத்தனை பிக்சல் நகர்ந்தது என்று அளக்கும். பின் வடக்கேயும் அப்படியே செய்யும். 2 விநாடி இயக்கத்தில் 10 பிக்சல் நகர்ந்தால், 1 பிக்சல் பிழையைத் திருத்த 0.2 விநாடி போதும்.

இதை வான நடுக்கோட்டுக்கு அருகில் செய்வது நல்லது. துருவத்தை நெருங்க நெருங்க விண்மீன்களின் கிழக்கு மேற்கு நகர்வு சுருங்கிவிடும். அளவீட்டில் பிழை கூடும். நமக்கு வான நடுக்கோடு ஏறக்குறைய தலைக்கு மேலேயே செல்கிறது. ஓரியனின் இடைவார் விண்மீன்கள் மூன்றும் அதை ஒட்டியே உள்ளன.

அளவுத்திருத்தம் தவறினால் என்ன ஆகும்? திருத்தம் எதிர்த்திசையில் போகும். விண்மீன் மேலும் விலகும். கணினி இன்னும் பலமாகத் தள்ளும். மழை மேகம் இல்லாமல் கிடைத்த ஓர் அரிய இரவு வீணாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. காற்றின் அசைவாலும் விண்மீன் துள்ளும். அந்தத் துள்ளலையெல்லாம் துரத்தினால் தாங்கிதான் ஆடும். அதனால் மிகச் சிறிய விலகல்களை மென்பொருள் கண்டுகொள்வதில்லை.

தெளிவான இரவில், திறன்பேசியை முக்காலியில் நிறுத்தி, 30 விநாடி திறப்பில் ஓரியனைப் படமெடுத்துப் பாருங்கள். இடைவார் விண்மீன்கள் சிறு கோடுகளாகத் தெரியும். அந்தக் கோட்டின் நீளம் எத்தனை வில்விநாடி? கணக்கிடுங்கள்!