முட்டையிடும் பருவத்தை அணுகும் இளம்பேடுகள்

மாத்தளை மாவட்டத்தில் நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரரின் வளவுகள் பலவற்றில் ஐந்தோ பத்தோ கோழிகள் மேய்வதைக் காணலாம். மாதக்கணக்கில் தீனிட்டு வளர்த்த இளம்பேடு, முட்டையிடத் தொடங்கும் தறுவாயில் நோயுற்றதெனக் கருதப்பட்டு விற்கப்படுமாயின், அதுவரை பட்ட பாடு அனைத்தும் வீணாகும். அது இட்ட முதல் முட்டைகள் வைக்கோற்போரின் இடுக்கிற் கிடந்து கீரிக்கும் கபரக்கொய்யாவுக்கும் இரையாகுமாயின், அதுவும் நட்டமே. முதல் முட்டைக்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னரே பேடு தன் நடத்தையினால் அதனை அறிவிக்கின்றது. அக்குறிகளை அறிந்து அக்காலத்துள் வேண்டுவன செய்தல் கமக்காரரின் கடமையாகும்.

பருவம் வரும் வயது

முட்டைக்கென விருத்தி செய்யப்பட்ட கலப்பினப் பேடுகள் பெரும்பாலும் 18 முதல் 20 கிழமை வயதில் முட்டையிடத் தொடங்கும். றோட் ஐலண்ட் றெட் போன்ற கனத்த இனங்கள் 22 முதல் 24 கிழமையிலும், ஊர்க்கோழிகள் 24 முதல் 28 கிழமையிலும் தொடங்குவது வழக்கம். குளிர் நாடுகளில் மாரிகாலத்துக் குறுகிய பகல் இப்பருவத்தைப் பின்தள்ளும். மாத்தளையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்திலும் குறைவு. ஆதலின் இங்கு ஒரு பேடு பிந்துமாயின், தீன் போதாமை, குடற்புழு, இனத்தின் இயல்பு ஆகியவற்றையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

உடலிலும் நடத்தையிலும் காணும் குறிகள்

1. வெளிறியிருந்த கொண்டையும் தாடியும் பருத்துச் செந்நிறம் பெறும்.

2. கையை நீட்டினாலோ முதுகைத் தொட்டாலோ, பேடு ஓடாது இறகுகளைச் சற்று விரித்து நிலத்தோடு பதுங்கும். சேவலை ஏற்கும் நிலை இதுவே. சூலகத்திற் சுரக்கும் ஓமோன்கள் இரத்தத்திற் கலப்பதனால் இது நிகழ்கின்றது.

3. இதுவரை கூட்டத்தோடு மேய்ந்த பேடு தனித்துத் திரியும். இருண்ட மூலைகளை எட்டிப் பார்க்கும். வைக்கோலைக் கிளறிக் குழியாக்கி, அதில் அமர்ந்து, மீண்டும் எழுந்து செல்லும்.

4. குரல் மாறும். நீண்டு இழுத்த ஒலியிற் கேறிக்கொண்டு அங்குமிங்கும் நடக்கும்.

5. தீனும் நீரும் மிகுதியாக வேண்டும். சிப்பி ஓடு, சுண்ணாம்புக் கல் முதலியவற்றைத் தேடிக் கொத்தும்.

ஐயமிருப்பின், பேட்டைப் பிடித்து எச்சவாயின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளைத் தடவிப் பார்க்கலாம். ஒரு விரலுக்கும் இடமின்றி நெருங்கியிருந்தால் இன்னும் காலம் உண்டு. இரண்டு விரல் நுழையுமளவு விலகி, எச்சவாய் அகன்று ஈரமாக இருந்தால் முட்டை அண்மையிலுள்ளது.

நோயென மயங்குதல் ஆகாது

பதுங்குகின்ற பேட்டைக் கால் முடமென்றும், தனித்துத் திரிவதை நோயென்றும் கருதுவோர் உளர். பருவம் அணுகும் பேடு பதுங்கியபின் எழுந்து, இறகை உதறிவிட்டு ஓடும். அதன் கொண்டை சிவந்திருக்கும், தீனிலும் நாட்டமிருக்கும். நோயுற்ற பேடோ இறகு தொங்கக் கண்மூடி நிற்கும், தீனைத் தொடாது, கொண்டை வெளிறியோ கருநீலமாகவோ காணப்படும். பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுகுதல் என்பன தோன்றின் இராணிக்கெட் நோயாக இருக்கலாம். அக்கோழியை உடனே பிரித்து வைத்து மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

கூட்டை ஆயத்தஞ் செய்தல்

கோழியின் மூதாதையான காட்டுக்கோழி பகைவர் காணாத புதரிடையே நிலத்தில் முட்டையிடுவது. வீட்டுக் கோழி மறைவிடம் நாடுவதும் அவ்வியல்பினாலேயே. நாம் மறைவிடம் அமைத்துக் கொடாவிடின் அது தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும். தம்புள்ளை, கலேவலை, நாவுலைப் பகுதிகளில் அறுவடைக்குப்பின் களத்தருகே குவிக்கப்படும் வைக்கோற்போர் அதற்கு ஏற்ற இடமாகிவிடும். மரக்கறிப் பாத்திகளுக்குள் அலையும் பேடு நாற்றுக்களைக் கிளறுவதோடு, கிருமிநாசினி தெளித்த இலைகளையும் மருந்திட்ட விதைகளையும் உண்டு மடியவுங்கூடும்.

ஆகவே கொண்டை சிவக்கக் கண்டதும், நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓரடி கொண்ட மரப்பெட்டிகளை, நான்கைந்து பேடுகளுக்கு ஒன்று வீதம், கூட்டின் இருண்ட பக்கத்தில் வைத்தல் வேண்டும். உள்ளே உலர்ந்த வைக்கோலைப் பரப்புக. பெட்டி, கோழிகள் உறங்கும் தடியிலும் தாழ்ந்திருத்தல் நன்று. உயர்ந்திருப்பின் அவை பெட்டியிலேயே உறங்கி அதனை எச்சத்தால் அழுக்காக்கும். முட்டை வடிவான வெண்கல் ஒன்றை உள்ளே வைப்பின் பேடு அவ்விடத்தை நம்பி அமரும். பெரும்பாலான முட்டைகள் முற்பகலில் இடப்படுவதால், தொடக்க நாட்களிற் காலை 10 மணி வரையேனும் நீருந் தீனும் வைத்துக் கூட்டிலேயே அடைத்திருந்து, பின்னர் திறந்துவிடலாம். இக்காலத்தில் கூட்டை இடம் மாற்றுதலும், புதுக் கோழிகளைச் சேர்த்தலும் ஆகா.

தீனும் சுண்ணச் சத்தும்

ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு. முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு முன்பே பேடு தன் எலும்புகளிற் கல்சியத்தைச் சேமிக்கத் தொடங்கும். நெல் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் மட்டும் கொடுத்தால் இத்தேவை நிறைவேறாது. முட்டையிடும் கோழித் தீனுக்கு இப்பொழுது படிப்படியாக மாற்றுதல் வேண்டும். இதனை வளரும் குஞ்சுகளுக்குக் கொடுத்தலாகாது. மிகுதியான கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பல வயதுக் கோழிகள் ஒன்றாய் மேயும் வளவில், குஞ்சுகளுக்கேற்ற தீனையே யாவற்றுக்கும் இட்டு, நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனிச்சட்டியில் வைக்கலாம். தேவையுள்ள பேடு அதனைத் தானே தேடி உண்ணும். அவித்து உலர்த்தி நொறுக்கிய முட்டையோடும் உதவும்.

இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. மாத்தளை, கண்டிப் பகுதிகளிற் கிடைப்பதும், புளித்தன்மையுள்ள மண்ணைத் திருத்த மரக்கறி நிலங்களுக்கு இடப்படுவதுமான டொலமைற் தூளைக் கோழிக்குக் கொடுத்தலாகாது. அதிலுள்ள மிகுதியான மகனீசியம் கழிச்சலை உண்டாக்கி, முட்டையோட்டையும் வலுவிழக்கச் செய்யும். நீற்றிய சுண்ணாம்பும் ஆகாது. அது வாயையும் குடலையும் புண்படுத்தும்.

முதல் முட்டைகள்

முதல் முட்டைகள் சிறியனவாகவும், சிலவேளை ஓடு மெல்லியனவாகவும், இரட்டைக் கருவுள்ளனவாகவும் இருக்கலாம். சில கிழமைகளில் இது சீராகும். இதற்காகப் பேட்டைக் கழித்துவிட வேண்டியதில்லை. முட்டைகளை நாள்தோறும் எடுத்தல் வேண்டும். பெட்டியிற் குவியவிடின் ஊர்க்கோழி விரைவில் அடைக்குக் கிடக்கும். உடைந்த முட்டையைச் சுவைத்த பேடு முட்டை தின்னவும் பழகும். குஞ்சு வேண்டுவோர் மாத்திரம் அடைக்கு விடலாம்.

1978 ஆம் ஆண்டிலிருந்து கோழி வளர்ப்புப் பற்றிய அலுவல்களை விலங்கு உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் கவனித்து வருகின்றது. தடுப்பூசி, குடற்புழு மருந்து என்பன பற்றி உங்கள் பகுதி மிருக வைத்திய அலுவலகத்தில், பேடுகள் பருவமடையுமுன் கேட்டறிந்து கொள்க. கொண்டை சிவந்த நாளிலேயே பெட்டியும் சிப்பித்தூளும் ஆயத்தமாயின், முதல் முட்டை வைக்கோற்போருக்குச் செல்லாது வீட்டுக்கு வந்து சேரும்.