வேகமா? வசமா?

மூன்று ஸ்போர்ட்ஸ் சலூன் கார்கள் ஓர் ஒப்பீடு

“சேர், உலகத்திலே திறமான கார் எது?”

பௌதிகவியல் வகுப்பில் வட்ட இயக்கத்தைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பின் வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுப்பிய வினா இது. வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால், நான் வாய் திறக்குமுன்னரே நாலா பக்கமிருந்தும் விடைகள் வந்துவிட்டன. ஒருவன் அறுநூறு பரிவலு என்றான். மற்றொருவன் மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் என்றான். காரை அளப்பதற்கு அவர்களிடம் இருந்த அளவுகோல்கள் இவை இரண்டுமே.

அளவுகோல் இவ்வளவுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு இன்றைய கார்களைக் காட்டிலும், ஸ்போர்ட்ஸ் சலூன் என்னும் இனம் உருப்பெற்ற காலத்துக் கார்கள் மூன்றை எடுத்துக்கொள்வது நன்று. அவற்றின் குணமும் குற்றமும் மறைவின்றித் தெரியும் என்பதே காரணம்.

ஸ்போர்ட்ஸ் சலூன் என்பது யாது? பிரித்தானியர் சலூன் என்றும் அமெரிக்கர் செடான் என்றும் வழங்கும் குடும்பக் கார் அது. நான்கு கதவுகள், நான்கைந்து பேர் அமர இடம், பெட்டி படுக்கை வைக்க டிக்கி எல்லாம் உண்டு. இவ்வளவையும் சுமந்துகொண்டு பந்தயக் காரின் துடிப்போடு ஓடவும் வேண்டும். பாரம் சுமக்கும் எருதையும் பாய்ந்தோடும் குதிரையையும் ஓருடலில் அமைப்பது போன்ற காரியம் இது. இதனை ஏறத்தாழ ஒரே காலத்தில் மூன்று தேசத்தார் மூன்று விதமாகச் செய்து காட்டினர்.

மூவரின் பிறப்பு

முதலாவது, பிரித்தானியாவின் ஜகுவார் மார்க் 2. கொவென்றி நகரிலே சேர் வில்லியம் லயன்ஸ் நடத்திய ஸ்தாபனம் 1959ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. இதன் மூவகைகளில் மிக வலியது 3.8 லீற்றர் எஞ்சின் பூண்டது. ஆறு சிலிண்டர், 220 பரிவலு, மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகம். எடை சுமார் ஒன்றரைத் தொன்.

இரண்டாவது, ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. இதன் பிறப்பில் ஒரு ஸ்தாபனத்தின் உயிரே ஊசலாடியது. 1950களில் அந்த ஸ்தாபனம் ஒருபுறம் செல்வந்தருக்கான பெருங் கார்களையும், மறுபுறம் முட்டை வடிவான இசெற்றா என்னும் சிறு வண்டியையும் செய்துவந்தது. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கத்தக்க நல்ல காரொன்று அதனிடம் இல்லை. நட்டம் முற்றியது. 1959 டிசெம்பர் 9ஆம் திகதி நடைபெற்ற பங்காளர் கூட்டத்தில், போட்டி ஸ்தாபனமாகிய டைம்லர்-பென்ஸிடம் அதனை ஒப்படைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. சிறு பங்காளரும் முகவரும் எதிர்த்து எழுந்தமையால் அது நிறைவேறவில்லை. பின்னர் ஹேர்பேர்ட் குவான்ட் என்னும் தொழிலதிபர் துணிந்து பணம் இட்டார். 1961இல் பிராங்போர்ட் கண்காட்சியில் 1500 என்னும் நான்கு கதவுக் கார் வெளிவந்தது. அதே உடலில் எஞ்சினைப் பெருப்பித்து 1963இல் 1800உம், அதன் வலிய வகையான 1800 ரி.ஐ.யும் தோன்றின. இப்பின்னையதற்கு 110 பரிவலு. எடை ஏறத்தாழ 1,100 கிலோகிராம்.

மூன்றாவது, இத்தாலியின் அல்பா றோமியோ ஜூலியா ரி.ஐ. 1962 ஜூனில் மொன்சா பந்தயத் திடலில் அறிமுகமானது. எஞ்சின் 1,570 கன சதமமீற்றர். வலு 92 பரிவலு மாத்திரமே. எடையோ ஒரு தொன் அளவுதான்.

தொன் ஒன்றுக்கு எத்தனை பரிவலு என்று வகுத்துப் பாருங்கள். ஜகுவாருக்குச் சற்றேறக்குறைய 147, பி.எம்.டபிள்யூவுக்கு 100, ஜூலியாவுக்கு 92 வரும். என் மாணவரின் அளவுகோலின்படி வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது. ஜகுவாரே வென்றது. நாமோ மேலே செல்வோம்.

வடிவழகு

அழகிலே ஜகுவாருக்கு நிகர் சொல்வது கடினம். லயன்ஸ் வரைபடத்தை நம்பியவர் அல்லர். முழு அளவில் மாதிரி உருச் செய்வித்து, அதனைத் தம் இல்லத்தின் முன் நிறுத்தி, வெயிலிலும் நிழலிலும் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் திருத்துவது அவர் வழக்கம். அக்கண்ணின் தேர்ச்சி மார்க் 2இன் ஒவ்வொரு வளைவிலும் தெரிகின்றது. உள்ளே வாதுமை மரப்பலகையும் பதப்படுத்திய தோலும், பின்னிருப்போர் உணவருந்த முன்னாசனங்களின் முதுகிலே மடித்துவைக்கும் சிறு மேசைகளும் உண்டு. ஒரு பழைய மாளிகையின் வாசிகசாலை சில்லுகளின்மீது ஓடுகிறதோ என்று எண்ணத் தோன்றும்.

பி.எம்.டபிள்யூ ஆடம்பரம் அறியாதது. நேர்கோடுகள், மெல்லிய தூண்கள், எப்பக்கமும் தெளிவாகத் தெரியும் அகன்ற கண்ணாடிகள் ஆகியவையே அதன் அணிகலன்கள். பின்சாளரத்தின் அடிமூலையில் தூணானது முன்னோக்கி ஒரு மடிப்பாகத் திரும்புகிறது. வடிவமைப்புத் தலைவர் வில்கெல்ம் ஹொவ்மைஸ்ரரின் பெயரால் வழங்கும் அம்மடிப்பை அந்த ஸ்தாபனத்தின் பிற்காலக் கார்களிலும் காணலாம்.

ஜூலியாவை முதன்முறை காண்பவர், “இது என்ன பெட்டி!” என்பர். பெட்டிதான், ஆயினும் அறிவு நிரம்பிய பெட்டி. 1930களில் வூனிபால்ட் காம் என்னும் ஜேர்மன் அறிஞர், காரின் வாலை நீளமாகக் கூம்பச் செய்வதிலும் பார்க்கச் சரியான இடத்தில் நறுக்கென வெட்டிவிட்டாலே காற்றுத்தடை பெரிதும் குறையும் என்று காட்டியிருந்தார். ஜூலியாவின் பின்புறம் அந்த நெறிப்படி வெட்டப்பட்டது. அதன் காற்றுத்தடைக் குணகம் 0.34. சதுர வடிவான ஒரு கார் இத்துணை எளிதாகக் காற்றைக் கடந்தமை அக்காலத்தில் பெரிய அதிசயம். கண்ணுக்கு வழவழப்பானது காற்றுக்கும் உகந்ததாகவே இருக்கும் என்பது நாம் கொள்ளும் மயக்கம்.

கைவசம்

இனி வளைவுக்கு வருவோம். கார் சாரதியின் கைக்கு அடங்கி நடக்கும் பண்பையே இங்கு வசம் என்கிறேன். மாணவர்களே, ஒரு சிறு கணக்குச் செய்யுங்கள். 80 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றிலே மணிக்கு 72 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் ஒரு கார் திரும்புகிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுக்க ஆர்முடுகல் 5 என வரும். ஒரு தொன் எடையுள்ள ஜூலியாவை வளைவில் வைத்திருக்க 5,000 நியூற்றன் விசை வேண்டும்; ஒன்றரைத் தொன் ஜகுவாருக்கோ 7,500 நியூற்றன் வேண்டும். இவ்விசை முழுவதையும் தருவன, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு உள்ளங்கையளவான றப்பர்த் துண்டுகளே!

“பாரம் கூடினால் உராய்வும் கூடுமே?” என்று கெட்டிக்கார மாணவன் கேட்பான். கூடும், ஆனால் ரயரின் பிடி பாரத்துக்கு நேர்விகிதசமமாக வளர்வதில்லை, சற்றுப் பின்தங்கிவிடும். ஆகவே மிகுந்த பாரம் ஏறிய ரயரே முதலில் வழுக்கும். ஜகுவாரின் நீண்ட இரும்பு எஞ்சின் முன்சில்லுகளை அழுத்துகின்றது. வேகமாக வளைவில் இறங்கினால், சுக்கானை எவ்வளவு திருப்பினும் மூக்கு வெளிப்பக்கமாகவே செல்ல முயலும். அன்றியும், பின்சில்லுகள் இரண்டும் தகட்டு ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரே அச்சிலே பிணைந்தவை. இடச்சில்லு குழியில் விழுந்தால் வலச்சில்லும் அதிரும். இக்குறைகளை ஈடுசெய்ய லயன்ஸின் பொறியியலாளர் நான்கு சில்லுகளுக்கும் டிஸ்க் பிறேக் பூட்டினர். அந்நாளில் இது பெரிய முன்னேற்றம்.

பி.எம்.டபிள்யூவில் நான்கு சில்லுகளும் தனித்தனியே இயங்கும். ஒன்றின் குழி மற்றொன்றைத் தாக்காது. எஞ்சினை 30 பாகை சரித்துப் பொருத்தியமையால் பொனற் தாழ்ந்தது. பாரத்தின் மையமும் தாழ்ந்தது. கரடுமுரடான வீதியிலும் அது நிதானம் தவறாது. குறை இல்லையா? உண்டு. வளைவின் நடுவே அஞ்சிக் காலைச் சடுதியாக எடுத்துவிட்டால், பின்சில்லுகளின் சாய்வு மாறி வால் வெளியே வீச முற்படும். தன்னை அறிந்தவனுக்கே அது அடங்கும்.

ஜூலியாவுக்கும் பின்புறம் பிணைந்த அச்சே. ஆனால் அதனைச் சுருள் ஸ்பிரிங்குகளாலும் நெம்புகோல்களாலும் அசையவேண்டிய திசையில் மட்டும் அசையும்படி கட்டியிருந்தனர். மூக்கிலும் வாலிலும் மிகை பாரம் இன்மையால் அதன் சடத்துவத் திருப்பம் சிறிது. ஆகையால் திரும்பச் சொன்னவுடன் திரும்பும். அதற்கும் மேலாக, பிடி தளரப்போவதைச் சிறிது சிறிதாக முன்னரே அறிவித்துவிடும். எச்சரிக்கை செய்து பின்னரே தவறும் நண்பன் அது.

ஓட்டும் இன்பம்

ஜகுவாரின் இன்பம் நெடுஞ்சாலை இன்பம். நேரான வீதியில் ஆறு சிலிண்டரும் தாழ்ந்த குரலில் முழங்க, தூரம் தானே சுருங்கும். பிரித்தானியப் பொலிசார் அதனை விரும்பி உபயோகித்தனர். ஆயினும் ஆரம்ப வருடங்களில் அதன் கியர்ப்பெட்டி அவசரத்துக்கு இணங்காதது. சுக்கானும் கைக்குக் கனமானது.

பி.எம்.டபிள்யூவின் இன்பம் நம்பிக்கையின் இன்பம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் ஓடியும் களைக்காத காரியக்காரன் அது. அந்த எஞ்சினின் வார்ப்பு எத்துணை உறுதி என்றால், அதனையே அடிப்படையாகக் கொண்ட பந்தய எஞ்சின் 1983ஆம் ஆண்டில் நெல்சன் பிக்கே என்னும் வீரருக்கு உலகச் சாரதி விருதை ஈட்டிக் கொடுத்தது.

ஜூலியாவின் இன்பமோ உரையாடல் இன்பம். நாலு கியரே வழமையாயிருந்த காலத்தில் அதற்கு ஐந்து கியர். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று வரை உற்சாகத்துடன் பாடும். வீதியின் ஒவ்வொரு நெளிவும் சுக்கான் வழியே சாரதியின் விரல்களுக்கு வந்து சேரும். மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீற்றரிலேயே இந்த இன்பம் கிட்டிவிடும் என்பதே அதன் சிறப்பு. பெருவலுக் காரில் அவ்வளவு இன்பம் பெற வேண்டுமாயின், உயிருக்கு ஆபத்தான வேகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இது வெறும் வார்த்தையன்று. 1958ஆம் ஆண்டின் உலகச் சம்பியன் மைக் ஹோதோர்ன், பந்தய வாழ்விலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களுள், 1959 ஜனவரி 22இல் இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகருக்கு அண்மையில் ஈரமான பொதுவீதியொன்றில் வண்டி சறுக்கி மாண்டார். அவர் ஓட்டியது மார்க் 2க்கு முந்திய ஜகுவார் 3.4. காரணம் பற்றி இன்றும் பலவிதமாகப் பேசுகின்றனர். வயது 29. உலகிலே முதன்மை பெற்ற கைகளுக்கும் கூட, பொதுவீதியில் ஓர் எல்லை உண்டு என்பது மட்டும் தெளிவு.

இன்றைக்கு இதனால் என்ன?

காலம் மாறிவிட்டது. 2015இல் ஜூலியா என்னும் பெயரை அல்பா றோமியோ மீண்டும் சூட்டியபோது, அதன் வலிய வகைக்கு 510 பரிவலு. பாட்டியின் வலுவைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். 2024இல் ஜகுவார் தன் எக்ஸ்.ஈ., எக்ஸ்.எவ். என்னும் சலூன்களின் உற்பத்தியை நிறுத்தியது. பி.எம்.டபிள்யூவின் மின்சாரச் செடானாகிய ஐ4 இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. அன்றைய ஜூலியாக்கள் இரண்டைத் தராசில் ஏற்றியதற்கு ஒப்பானது அது! ரயரும் பிறேக்கும் வளர்ந்துவிட்டன. சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவிகள் எத்தனையோ உயிர்களைக் காக்கின்றன. அவற்றைப் போற்றவே வேண்டும். ஆனால், வேகத்தைச் சாரதி உணராதபடி மூடிவைக்கும் சொகுசும் கூடவே வளர்ந்துள்ளது. நூறில் ஓடும் கார் ஐம்பதில் ஓடுவதுபோல் தோன்றினால், இளைஞன் நூற்றைம்பதைத் தேடுவான். வேகம் இருமடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்னும் விதியை எந்தச் சொகுசும் மாற்றியதில்லை.

என் தந்தையாரிடம் ஒரு பழைய மொறிஸ் மைனர் இருந்தது. 37 பரிவலுதான். நான் ஓட்டப் பழகியது அதிலேதான். வீதியில் கிடக்கும் சிறு கல்லையும் அது என் கையில் சொல்லும். வளைவுக்கு முன் வேகம் தணிக்க எனக்குக் கற்பித்தது தந்தையாரா, அந்தக் காரா என்பதை இன்றும் பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனுக்கு மூன்று கார்களின் கதையையும் சொன்னேன். பார்த்து மகிழ ஜகுவார். குடும்பத்தோடு நாள்தோறும் செல்ல பி.எம்.டபிள்யூ, வளைந்து வளைந்து செல்லும் மலைவீதியில் ஓட்டி மகிழ ஜூலியா என்று என் தீர்ப்பையும் கூறினேன்.

“அப்ப பரிவலு முக்கியமில்லையோ, சேர்?” என்றான்.

“முக்கியந்தான். ஆனால், தன் எல்லை எது என்று உனக்கு முதலே சொல்லுகிற கார்தான் திறமான கார். சொன்னதைக் கேட்கிறவன்தான் திறமான சாரதி” என்றேன்.

அவன் சிறிது நேரம் யோசித்தான். பின்பு கொப்பியைத் திறந்து, 80 மீற்றர் வளைவுக் கணக்கை 100 கிலோமீற்றர் வேகத்துக்குச் செய்து பார்க்கத் தொடங்கினான். விடை ஏறத்தாழ 9.6 என்று வந்தது. புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு அண்மையில் நிற்கும் அந்த எண்ணைக் கண்டதும், அவன் முகத்தில் தோன்றிய மாற்றத்தை நான் கவனித்தேன். அன்று அவனுக்கு மேலதிகமாக எதனையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.